2:37-க்கு முந்தைய நொடி: டிரான்சாக்ஷன் லாக் பேக்கப் வைத்து டேட்டாபேஸை மீட்பது எப்படி?

ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிளைகள். பில்லிங், சரக்கு இருப்பு, விலைப்பட்டியல் எல்லாம் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில், ஒரே டேட்டாபேஸில் இருக்கின்றன. மதியம் 2:37. ஒரே ஒரு சேலையின் விலையை 1,250 ரூபாயாக மாற்ற வேண்டியவர், எந்தச் சேலைக்கு என்று சொல்லும் நிபந்தனை வரியை விட்டுவிட்டு அப்டேட் கட்டளையை ஓட்டிவிடுகிறார். கைக்குட்டையும் 1,250, பட்டுப் புடவையும் 1,250. கடையில் உள்ள 38,000 பொருட்களுக்கும் அதே விலை. 2:41-க்கு ஒரு கிளையிலிருந்து போன் வருகிறது.

இன்று அதிகாலை 1 மணிக்கு எடுத்த ஃபுல் பேக்கப், அதாவது முழு நகல், கையில் இருக்கிறது. அதைப் போட்டால் பழைய விலைகள் வந்துவிடும். ஆனால் காலையிலிருந்து போட்ட பில்கள், இறங்கிய சரக்கு, வாங்கிய முன்பணம் எல்லாம் போய்விடும். நமக்கு வேண்டியது 1 மணி நிலை இல்லை, 2:36-ல் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அந்த நிலை. அந்த நேரத்தில் யாரும் பேக்கப் எடுக்கவில்லை. யாரும் படம் பிடிக்காத ஒரு நொடிக்கு எப்படித் திரும்பிப் போவது?

போகலாம். ஆனால் அதற்கான ஏற்பாடு 2:37-க்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

குறிப்பேடும் பேரேடும்

பள்ளியில் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும். எந்த நடவடிக்கையானாலும் முதலில் நடந்த வரிசைப்படி குறிப்பேட்டில் ஏறும். பிறகுதான் அந்தந்தக் கணக்கின் பேரேட்டுக்கு எடுத்தெழுதுவார்கள். பேரேடு தொலைந்துபோனால் என்ன ஆகும்? ஏப்ரல் 1-ன் ஆரம்ப இருப்பும், அன்றிலிருந்து ஒரு வரிகூட விடாத குறிப்பேடும் இருந்தால், பேரேட்டை மறுபடி எழுதிவிடலாம். ஆகஸ்ட் 14 மாலை வரை எழுதி நிறுத்தினால், ஆகஸ்ட் 14 மாலை இருந்த நிலை கிடைக்கும். எங்கே நிறுத்துவது என்பது நம் விருப்பம்.

டேட்டாபேஸும் இப்படித்தான் இயங்குகிறது. எஸ்கியூஎல் சர்வரில் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் குறைந்தது இரண்டு ஃபைல்கள் உண்டு. எம்டிஎஃப் என்று முடிவது டேட்டா ஃபைல், அதுதான் பேரேடு. எல்டிஎஃப் என்று முடிவது லாக் ஃபைல், அது குறிப்பேடு. ஒரு பில் சேமிக்கப்பட்டது என்று சர்வர் நமக்குச் சொல்வதற்கு முன்பே, அந்த மாற்றத்தின் விவரம் லாக் ஃபைலில், டிஸ்க்கில், எழுதப்பட்டிருக்கும். டேட்டா ஃபைலில் அந்தப் பக்கம் எழுதப்படுவது கொஞ்சம் பிறகுதான். முதலில் லாக், அப்புறம் டேட்டா: இந்த வரிசையை சர்வர் ஒருபோதும் மாற்றாது. மின்சாரம் திடீரென்று போய் மறுபடி வரும்போது டேட்டாபேஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதும் இந்த ஒழுங்கால்தான். லாக்கைப் படித்து, முடிந்த டிரான்சாக்ஷன்களை (ஒரு டிரான்சாக்ஷன் என்பது முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் நடக்கவே கூடாத ஒரு வேலை) மறுபடி செய்து, பாதியில் நின்றவற்றைத் திருப்பிவிடும்.

இந்த முறைக்கு ஏரீஸ் என்று பெயர். ஐபிஎம் ஆய்வகத்தில் சி. மோகனும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கி, 1992-ல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். மோகன் சென்னை ஐஐடியில் படித்தவர். எஸ்கியூஎல் சர்வரின் மீட்பு முறை ஏரீஸைப் பின்பற்றுவது. நம் ஊரில் படித்துப் போன ஒருவரின் சிந்தனை, பில் போடும் எத்தனையோ கடைகளின் கணினிக்குள் இருந்து காவல் காக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கும்.

லாக்கில் ஏறும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தொடர் எண் உண்டு. எல்எஸ்என் என்பார்கள். அது ஏறிக்கொண்டே போகும். இதை நினைவில் வையுங்கள், கொஞ்சம் கழித்து வேண்டியிருக்கும்.

லாக் பேக்கப் என்ன செய்கிறது?

லாக் ஃபைல் முடிவில்லாமல் வளர முடியாது. அதனால் அதை அவ்வப்போது நகலெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். லாக் பேக்கப் என்பது அதுதான். போன முறை எடுத்ததற்குப் பிறகு ஏறிய வரிகளை மட்டும் ஒரு தனி ஃபைலில் எடுத்து வைக்கும். எடுத்து முடித்ததும், இனித் தேவைப்படாத பகுதியை 'இதன்மேல் மறுபடி எழுதலாம்' என்று குறித்துவிடும். இங்கே புதியவர்கள் பலர் ஏமாறுவார்கள். லாக் பேக்கப் எடுத்தும் எல்டிஎஃப் ஃபைலின் அளவு குறையவில்லையே என்பார்கள். குறையாது. உள்ளே இடம் காலியாகும், பெட்டி அதே பெட்டிதான்.

இதெல்லாம் நடக்க, டேட்டாபேஸ் 'ஃபுல்' என்ற ரெக்கவரி மாடலில் இருக்க வேண்டும். 'சிம்பிள்' மாடலில் சர்வர் லாக்கைத் தானாகவே துடைத்துவிடும், அதில் லாக் பேக்கப் எடுக்கவே முடியாது. அப்போது திரும்பக்கூடிய நேரங்கள், ஃபுல் பேக்கப் அல்லது டிஃபரன்ஷியல் பேக்கப் (ஃபுல்லுக்குப் பிறகு மாறியவை மட்டும்) எடுத்த நேரங்கள் மட்டும்தான். மூன்றாவதாக 'பல்க் லாக்டு' என்று ஒன்று உண்டு. பெரிய அளவில் டேட்டா ஏற்றும்போது லாக்கைச் சுருக்கி எழுதும். அப்படிச் சுருக்கி எழுதிய காலத்து லாக் பேக்கப்பின் நடுவில் நம்மால் நிற்க முடியாது. முழுதாகத்தான் போட முடியும்.

இன்னொரு நுணுக்கம். ஃபுல் மாடலுக்கு மாற்றிவிட்டால் மட்டும் போதாது. அதன் பிறகு ஒரு ஃபுல் பேக்கப் (ஏற்கெனவே ஒரு ஃபுல் இருந்தால், ஒரு டிஃபரன்ஷியல்) எடுக்கும்வரை டேட்டாபேஸ் சிம்பிள் போலத்தான் நடந்துகொள்ளும். ஆரம்ப இருப்பு இல்லாமல் குறிப்பேட்டை வைத்து என்ன செய்வது?

சங்கிலி

ஒவ்வொரு லாக் பேக்கப்பும் முந்தையது முடிந்த எல்எஸ்என்-லிருந்து தொடங்கும். கண்ணிக்குக் கண்ணி கோத்த சங்கிலி இது. நடுவில் ஒரு ஃபைல் தொலைந்தால், அதற்குப் பின்னால் உள்ளவற்றை அந்த வழியில் போட முடியாது. குறிப்பேட்டில் மூன்று பக்கம் கிழிந்த பிறகு மிச்சத்தைக் கூட்டினால் வரும் இருப்பு பொய்யானது. சர்வர் அந்தப் பொய்க்கு ஒத்துக்கொள்ளாது. 'இந்த லாக் மிகவும் பிந்தையது' என்று 4305 எண் பிழையைக் காட்டி நின்றுவிடும்.

சங்கிலி அறுபடும் வழியை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். முன்பு வேலைபார்த்த ஓர் இடத்தில் லாக் ஃபைல் வளர்ந்து டிஸ்க் நிரம்பி, எதையும் சேமிக்க முடியாமல் 9002 பிழை வந்தது. அவசரத்தில் ஒருவர் டேட்டாபேஸை சிம்பிளுக்கு மாற்றி, லாக்கைச் சுருக்கி, மறுபடி ஃபுல்லுக்குக் கொண்டுவந்தார். டிஸ்க்கில் இடம் கிடைத்தது, எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அந்தக் கணத்தில் சங்கிலி அறுந்தது யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஃபுல் பேக்கப் வரும்வரை இடைப்பட்ட பல மணி நேரத்துக்குத் திரும்ப வழியே இல்லாமல் இருந்தோம். அன்று எதுவும் கெட்டுப்போகாதது எங்கள் அதிர்ஷ்டம். லாக் ஏன் வளர்ந்தது என்று சர்வரையே கேட்டிருக்கலாம். 'சிஸ்.டேட்டாபேசஸ்' பட்டியலில் 'லாக் ரீயூஸ் வெயிட் டெஸ்க்' என்ற பத்தியில், எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அதில் 'லாக் பேக்கப்' என்றே இருந்திருக்கும். ஏனென்றால் லாக் பேக்கப்பைத் தானாக எடுக்கும் ஜாப் நின்று போயிருந்தது.

ஃபுல் பேக்கப் எடுத்தால் லாக் சங்கிலி அறுந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அறாது. லாக் சங்கிலி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. இன்று அதிகாலை எடுத்த ஃபுல் பேக்கப் ஃபைல் கெட்டுப்போயிருந்தால், முந்தைய நாள் ஃபுல்லை எடுத்து, அதிலிருந்து எல்லா லாக்கையும் வரிசையாகப் போட்டு இதே 2:36-க்கு வந்து சேரலாம். நேரம் அதிகமாகும், டேட்டா குறையாது.

சரி, கடைக்கு வருவோம்

கடையில் இருக்கும் ஏற்பாடு இது. அதிகாலை 1 மணிக்கு ஃபுல். நண்பகல் 12 மணிக்கு டிஃபரன்ஷியல், அதாவது ஃபுல்லுக்குப் பிறகு மாறிய பகுதிகள் மட்டும். 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப். கடைசியாக எடுத்தது 2:30-க்கு. இப்போது மணி 2:41.

முதல் வேலை, 2:30-க்குப் பிறகு நடந்ததை உடனே ஒரு லாக் பேக்கப்பாக எடுப்பது. அதில்தான் 2:37 இருக்கிறது. லாக்கின் வால் பகுதி என்பதால் இதை டெயில் லாக் பேக்கப் என்பார்கள். பதற்றத்தில் இதை மறந்துவிட்டு ஃபுல் பேக்கப்பை பழைய டேட்டாபேஸின் மேலேயே திணித்தால், 2:30-லிருந்து 2:36 வரை போட்ட பில்கள் நிரந்தரமாகப் போய்விடும். வழக்கமாக சர்வர் 'வாலை எடுக்கவில்லையே' என்று தடுக்கும். ஆனால் 'ரீப்ளேஸ்' என்ற சொல்லைச் சேர்த்தால் தடுக்காது. அந்தச் சொல்லைத் தட்டுவதற்கு முன் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள்.

டேட்டா ஃபைல் இருக்கும் டிஸ்க்கே செத்துப்போன சமயத்திலும், லாக் ஃபைல் வேறு டிஸ்க்கில் நன்றாக இருந்தால், 'நோ ட்ரன்கேட்' என்ற தேர்வைச் சேர்த்து வாலை எடுக்கப் பார்க்கலாம். டேட்டாவையும் லாக்கையும் தனித்தனி டிஸ்க்கில் வைக்கச் சொல்வதற்கு இது ஒரு நல்ல காரணம்.

அடுத்த முடிவு, எங்கே மீட்பது? கடையின் டேட்டாபேஸ் மேலேயேவா, பக்கத்தில் வேறு பெயரில் ஒரு நகலாகவா? இந்த மாதிரி விபத்துக்கு நான் எப்போதும் பக்கத்தில் நகலைத்தான் சொல்வேன். கெட்டது ஒரு டேபிளில் ஒரு பத்தி மட்டும். நகலை 2:36-க்குக் கொண்டுவந்து, பொருள் எண்ணை வைத்துப் பழைய விலையை மட்டும் எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் போட்டால் போதும். கிளைகள் பில் போடுவதை நிறுத்த வேண்டியதில்லை, 2:37-க்குப் பிறகு வந்த பில்களும் போகாது. அதுவரை தவறான விலையில் போட்ட பில்களை மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதை எந்த பேக்கப்பும் செய்யாது.

இரவில் ஓடும் ஒரு ஜாப் தப்பாகி இருபது டேபிள்களைக் கலக்கிவிட்டது என்றால் கதை வேறு. அப்போது மேலேயே மீட்பதுதான் வழி. அந்தச் சமயத்தில் டெயில் லாக் எடுக்கும்போதே 'நோரெக்கவரி' என்று சேர்க்க வேண்டும். எடுத்த கையோடு டேட்டாபேஸ் பூட்டப்படும், மேற்கொண்டு யாரும் எதையும் எழுத முடியாது.

ஒவ்வொன்றாகப் போடுவது

முதலில் அதிகாலை 1 மணி ஃபுல்லை, புதிய பெயரில், ஃபைல்களுக்கு 'மூவ்' என்ற தேர்வின் மூலம் புதிய இடம் கொடுத்து, 'நோரெக்கவரி' சேர்த்து ரீஸ்டோர் செய்கிறோம். நோரெக்கவரி என்றால், இன்னும் வர வேண்டியது இருக்கிறது, கதவைத் திறக்காதே என்று பொருள். 'ரெக்கவரி' என்றால், வரவேண்டியது அவ்வளவுதான், முடியாத டிரான்சாக்ஷன்களைத் திருப்பிவிட்டுத் திற என்று பொருள். கதவு ஒருமுறை திறந்துவிட்டால் அதற்குமேல் ஒரு லாக்கையும் போட முடியாது. மறுபடி ஃபுல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டில் எதையும் சொல்லாமல் விட்டால் சர்வர் ரெக்கவரி என்றே எடுத்துக்கொள்ளும். புதியவர்கள் முதல் முயற்சியில் விழும் பள்ளம் இது. பெரிய டேட்டாபேஸில் மூன்று மணி நேரம் ரீஸ்டோர் ஆன பிறகு இதைக் கண்டுபிடிப்பது மிகக் கொடுமையானது.

அடுத்து 12 மணி டிஃபரன்ஷியல், அதுவும் நோரெக்கவரியோடு. அதற்கு முன் எத்தனை டிஃபரன்ஷியல் இருந்தாலும் வேண்டாம், கடைசி ஒன்று போதும். காலை முழுக்க எடுத்த லாக் பேக்கப்களையும் இதனால் தாண்டிவிடுகிறோம். அப்புறம் 12:15, 12:30 என்று தொடங்கி 2:30 வரை பத்து லாக் பேக்கப்கள், வரிசை மாறாமல். கடைசியாக 2:41-க்கு எடுத்த வால். அதில்தான் 'ஸ்டாப் அட்' என்ற தேர்வைக் கொடுத்து, இன்றைய தேதி, 14 மணி 36 நிமிடம் 59 நொடி என்று எழுதி, 'ரெக்கவரி' சேர்க்கிறோம். சர்வர் வாலில் உள்ள வரிகளைப் படித்துக்கொண்டே வந்து, அந்த நொடியில் நின்றுவிடும்.

ஸ்டாப் அட் கணக்கில் எடுப்பது டிரான்சாக்ஷன் முடிந்த நேரத்தை. 2:36-க்குத் தொடங்கி 2:38-க்கு முடிந்த ஒரு டிரான்சாக்ஷன் நம் நகலில் இருக்காது. அந்த நொடியில் அது பாதியில் நின்றிருந்தது அல்லவா, அதைத் திருப்பிவிடும். அதனால் பாதிப் பில் என்று எதுவும் மிஞ்சாது. எந்த நொடியில் நிறுத்தினாலும் கணக்கு ஒழுங்காக இருக்கும் என்பதுதான் இந்த முறையின் அழகு.

ஸ்டாப் அட் நேரத்தை வாலில் மட்டுமல்ல, ஒவ்வொரு லாக் ரீஸ்டோரிலும் கொடுக்கலாம். 2:37 எந்த ஃபைலில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதபோது அதுதான் பாதுகாப்பு. நாம் சொன்ன நேரம் அந்த ஃபைலுக்கு அப்பால் இருந்தால், சர்வர் கதவைத் திறக்காமல் அடுத்ததற்குக் காத்திருக்கும்.

2:37 என்று எப்படித் தெரியும்?

உண்மையில் இதுதான் கடினமான பகுதி. கட்டளையை ஓட்டியவர் நேரத்தைச் சொன்னால் வேலை பாதி முடிந்தது. அதனால் தவறு செய்தவர் பயமில்லாமல் வாய் திறக்கும் இடமாக அலுவலகம் இருக்க வேண்டும். திட்டு விழும் என்று அவர் பத்து நிமிடம் மறைத்தால், அந்தப் பத்து நிமிடத்துக்கும் நாம் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

யாருக்கும் தெரியாவிட்டால், 'ஸ்டாண்ட்பை' என்ற வழி இருக்கிறது. நோரெக்கவரிக்குப் பதிலாக அதைக் கொடுத்தால், டேட்டாபேஸ் படிக்க மட்டும் திறக்கும். மேற்கொண்டு லாக் போடவும் முடியும். 2:30-ல் நிறுத்திப் பார்க்கிறோம், விலை சரியாக இருக்கிறது. அடுத்து வால் ஃபைலை 2:34 என்று கொடுத்து ஓட்டுகிறோம், சரி. அதே ஃபைலை மறுபடி 2:36 என்று ஓட்டுகிறோம், சரி. 2:38, எல்லாம் 1,250. தாண்டிவிட்டோம்! இங்கே ஒரு கண்டிப்பு: முன்னால் மட்டும்தான் போகலாம், பின்னால் வர முடியாது. தாண்டிவிட்டால் ஃபுல்லிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் இப்போது விபத்து 2:36-க்கும் 2:38-க்கும் இடையில் என்று தெரிந்துவிட்டது.

கடிகாரத்தையும் பாருங்கள். கிளவுடில் ஓடும் பல சர்வர்களின் நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். கடைக்காரர் சொல்லும் மதியம் 2:37, அந்த சர்வருக்குக் காலை 9:07. ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க மறந்தால், நீங்கள் கேட்கும் நொடி அந்த சர்வருக்கு இன்னும் வராத எதிர்காலம்.

முன்கூட்டியே தெரிந்த ஆபத்து என்றால் இந்தத் தேடலே வேண்டாம். ஆண்டுக் கணக்கு முடிப்பு போன்ற பெரிய வேலையைத் தொடங்கும்போது, அந்த டிரான்சாக்ஷனுக்கு ஒரு பெயர் கொடுத்து லாக்கில் அடையாளம் வைக்கலாம். பிறகு 'ஸ்டாப் பிஃபோர் மார்க்' என்று அந்தப் பெயருக்கு முன்பாகவே நிறுத்தலாம்.

மற்ற டேட்டாபேஸ்களில்

எண்ணம் ஒன்றே, சொற்கள்தான் வேறு. போஸ்ட்கிரெஸில் இந்தக் குறிப்பேட்டின் பெயர் டபிள்யூஏஎல், அதாவது ரைட் அஹெட் லாக். வழக்கமாக 16 எம்பி துண்டுகளாக எழுதப்படும். அவற்றைச் சேமித்து வைக்கச் சொல்லி, 'ரெக்கவரி டார்கெட் டைம்' கொடுத்து மீட்கலாம். 2005-ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. மைஎஸ்கியூஎல்லில் பின்லாக், ஆரக்கிளில் ஆர்கைவ் லாக்.

போஸ்ட்கிரெஸைப் பற்றிப் பேசும்போது, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. துணை சர்வரில் இருக்கிறோம் என்று நினைத்த ஒரு பொறியாளர், முதன்மை சர்வரின் டேட்டா கோப்புறையை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி பேக்கப் பதிப்புப் பொருத்தமின்மையால் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. டபிள்யூஏஎல் துண்டுகளைச் சேமிக்கும் ஏற்பாடும் அப்போது அவர்களிடம் இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீண்டார்கள், இடைப்பட்ட ஆறு மணி நேரத்து டேட்டா போனது. நடந்ததையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையால் நமக்கெல்லாம் பாடம் கிடைத்தது.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை?

2:44-க்கு சர்வரே எரிந்துபோகிறது, வாலையும் எடுக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2:30 வரை எடுத்தது வேறு இடத்தில் பத்திரமாக இருந்தால், இழப்பு 14 நிமிடம். கடை முதலாளியிடம் கேளுங்கள்: எத்தனை நிமிடத்து பில் போனால் தாங்குவீர்கள்? அவர் சொல்லும் எண்தான் உங்கள் இடைவெளி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் சர்வர் திணறாதா என்ற பயம் பெரும்பாலும் வேண்டாத பயம். ஒரு நாளில் லாக்கில் ஏறும் வரிகள் எப்படியும் அவ்வளவுதான், அதைச் சின்னச் சின்னதாக எடுக்கிறோம். ஃபைல்களின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றும் சிறிதாகும். அந்த ஃபைல்கள் அதே சர்வரின் அதே டிஸ்க்கில் கிடந்தால் மட்டும் இதில் எந்தப் பயனும் இல்லை.

அப்புறம் ஒத்திகை. மாதம் ஒருமுறை வேறு ஒரு கணினியில், ஏதாவது ஒரு நாளின் ஏதாவது ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த நிலைக்கு மீட்டுப் பாருங்கள். மீட்ட நகலில் 'செக்டிபி' ஓட்டி உள்ளே பழுது இல்லையா என்று உறுதிசெய்யுங்கள். அந்த நிமிடத்துக்கு முன் போட்ட கடைசிப் பில் அதில் இருக்கிறதா, அடுத்த பில் இல்லாமல் இருக்கிறதா என்று பில் எண்ணை வைத்துப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு தாளில் எழுதி சர்வர் அறையில் ஒட்டிவையுங்கள். 2:41-க்கு போன் செய்யும் கிளை மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, 'எப்போது சரியாகும்?'